ஷாக்கா, நாலரை மணி

பஸ்ஸுக்கு இன்னும் ஐம்பது நிமிடம்.
டிக்கெட் கொடுத்தவர் கடல்பக்கம் கையை வீசினார்.
போய்ப் பார் என்றாரா
போய்த் தொலை என்றாரா, தெரியவில்லை.
படி இறங்கினேன்.
வெளிறிய ரோஜா, சுண்ணாம்பு மஞ்சள், ஒரே ஒரு அடாவடிப் பச்சை.
வீடுகள் ஒன்றன் தோளில் ஒன்று ஏறி நின்று
துறைமுகத்தை எட்டிப் பார்க்கின்றன.
காயும் போர்வைகளுக்கடியில் குனிந்து குனிந்து
நானும் போய்ச் சேர்ந்தேன்.

சதுக்கம் என்று பெரிதாக ஒன்றுமில்லை.
நாலு பனை, உப்புத் தின்ற ஒரு குழாய்,
காபிக் கடையின் பதினோரு மேஜை.
மூன்று பக்கம் சுவர், நாலாவது பக்கம்
தண்ணீர்.
வேலி கிடையாது.
படகுகள் கல்லில் மூக்கை உரசிக்கொண்டு
ஒட்டுக் கேட்க வந்தவைபோல் நிற்கின்றன.
நெத்திலிப் பெட்டிகள் இறங்குகின்றன.
ஐஸ் உடைகிறது, ஸ்கூட்டர் இருமுகிறது,
யாரோ யாரையோ முழுப்பெயர் சொல்லித் திட்டுகிறார்கள்.
திட்டும்போது மட்டும்தான் இங்கே முழுப்பெயர் போலும்.

அப்போது பந்து விழுந்தது.

சிவப்புப் பந்து. ஏழு பையன்கள், ஒரு சிறுமி.
அடித்தது அந்தச் சிறுமிதான், வெனேரா.
துருவேறிய இரண்டு நங்கூரங்களுக்கு நடுவே
குறை சொல்ல முடியாத கோல்.
கோலுக்குப் பின்னால் மத்தியதரைக் கடல் இருந்தது
அவள் குற்றமா?

சதுக்கமே எழுந்து விளிம்புக்கு வந்தது.
சீட்டாடிய நால்வரும் வந்தார்கள்,
ஒருவரை ஒருவர் நம்பாமல் சீட்டும் கையுமாக.
துடுப்பால் இழு என்றார் கலோஜெரோ.
எட்டாது என்றார் அவர் தம்பி.
எட்டும், எட்டாது என்பதில் தொடங்கி
அப்பன் விட்டுப்போன நிலத்தில் வந்து நின்றது பேச்சு.
உப்புக் கொட்டகையிலிருந்து
முழங்கைவரை செதில் மின்ன வந்த அக்கூர்சியா
'ஊதிப் பாருங்களேன், வாய்தான் இருக்கிறதே' என்றாள்.
காபிக்காரர் பாதி ஜாடையில் எனக்கு விளக்கினார்.

பந்துக்கு அவசரமில்லை.
நிலத்திலிருந்து கடலுக்குக் காற்று,
நம் பேச்சில் வாடை.
வாடகை பாக்கி வைத்தவன்போல
நீலப் படகுக்கும் வெள்ளைப் படகுக்கும் இடையே
சத்தமில்லாமல் நழுவிக்கொண்டிருந்தது.
துறைமுகத்தின் வாய் தாண்டினால் தூனிசியாதான்.

நீலப் படகில் வலை தைத்துக்கொண்டிருந்தான் மோங்கி,
அந்தத் தூனிசியாக்காரன்.
ஊசியைத் தொப்பியில் குத்தினான்.
தொப்பியைக் கழற்றி வைத்தான்.
யாரிடமும் யோசனை கேட்கவில்லை.
குதித்தான்.

டீசல் படலத்தின் வானவில் கிழிந்து
மறுபடி ஒட்டிக்கொண்டது.
கலோஜெரோவும் தம்பியும்
ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்திருந்தது
சண்டைக்காக இல்லை இப்போது.
பிறகு தலை வந்தது, பந்து வந்தது,
கைதட்டல் வந்தது.
ஏறி உட்கார்ந்தவன் மணிக்கட்டைப் பார்த்தான்.

கடிகாரம்.
நாலு ஐம்பத்திரண்டில் நின்றிருந்தது.

திரும்பவும் ஊர் கூடியது.
அரிசியில் புதை. வெயிலில் வை. குலுக்கு. ஐயோ, குலுக்காதே.
ஜெயித்த காசும் தோற்ற காசும்
ஒரே காபித் தட்டில் விழுந்தன.
நானும் போட்டேன். கூடவே
பஸ் டிக்கெட்டும் போனதைப் பிறகுதான் கவனித்தேன்.
தட்டைத் தள்ளிவிட்டான் மோங்கி.
வெனேராவைக் கூப்பிட்டான்.
கடிகாரத்தை அவள் கையில் கட்டினான்;
முழங்கைவரை வழுக்கி ஓடியது.
ஆட்டம் முடியும்போது சொல் என்றான்.
அவள் பார்த்தாள், வெகு பொறுப்பாக:
'இன்னும் முடியவில்லை.'

அக்கூர்சியா ரொட்டியில் இரண்டு நெத்திலி வைத்து
கேட்காமலே நீட்டினாள்.
உப்பு கண்ணைத் திறந்தது.
மேலே, பச்சை வீட்டின் தலைக்குமேல்,
என் பஸ் வளைவில் திரும்புவது தெரிந்தது.

கோலுக்கு ஆள் இல்லையாம்.
எட்டுப் பேரும் என்னைக் காட்டுகிறார்கள்.
நங்கூரங்களுக்கு நடுவே
தண்ணீருக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும்.
எனக்கு நீச்சல் தெரியாது என்பதற்கு
எந்த ஜாடை?