நாலாயிரம் மீட்டர் உயரத்தில் ஒரு மடிக்கணினி

எல் ஆல்ட்டோவில் வியாழக்கிழமைச் சந்தை.
தண்டவாளத்தை ஒட்டியே கடை விரித்திருந்தார்கள்.
கதவில்லாத கார், காரில்லாத கதவு,
ஒற்றைக் கால் செருப்பு, தையல் எந்திரத்தின் சக்கரம்,
நடுவே ஒரு நீலத் தார்ப்பாயில்
நாற்பது மடிக்கணினிகள்
வாய் பிளந்து வெயில் காய்ந்தன.

என் உள்சட்டையில் ஆயிரத்து எழுநூறு பொலிவியானோ.
மினிபஸ் கதவில் தொங்கிக்கொண்டு
செஹா, செஹா, பெரெஸ் என்று
எட்டு மாதம் கத்திய தொண்டையின் விலை.
தொண்டை இன்னும் திரும்பவில்லை.

ஆளுக்கொரு வேதம்.
பெரியப்பா மகள் ஜன்னெத்துக்கு வங்கியில் வேலை;
கடித்த ஆப்பிளைத் தவிர மற்றதெல்லாம்
வெறும் தகரம் அவளுக்கு.
அதன் விலையைக் கேட்டுவிட்டு
வாங்கிய காப்பியைக் குடிக்காமலே எழுந்தேன்.
அறைத்தோழன் ரேமி கொந்தோரி சொன்னான்:
லினக்ஸ் போடு. காசு கிடையாது,
எவனிடமும் கைகட்டி நிற்க வேண்டாம்.
ஜூன் மாதத்திலிருந்து
அவன் பிரிண்டர் அவனோடு பேசுவதில்லை;
அதை அவன் சொல்லவில்லை.

தார்ப்பாய்க்காரி எல்விரா சிர்ப்பா
சுண்ணாம்பு நிறக் காய்ந்த உருளைக்கிழங்கைக் கடித்தபடி
என்ன படிக்கிறாய் என்றாள்.
நில அளவை.
அப்படியானால் விண்டோஸ்தான், தம்பி.
உங்கள் வரைபடப் பெட்டி மற்றதில் எழாது.

மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல்
ஒவ்வொன்றாய் விசைகளை அழுத்தினேன்.
பளபளவென்று ஒன்று இருந்தது, வெள்ளி நிறம்,
ஓராயிரம் ஜிபி, மலிவு.
கை அதற்கே போனது.
அவள் அதைத் தூக்கி என் காதில் வைத்தாள்.

கேட்கிறதா?
உள்ளே தட்டு சுற்றுகிறது.
முனை தட்டைத் தொடக் கூடாது,
மயிரிழை இடைவெளியில் காற்றின்மேல் மிதக்க வேண்டும்.
காற்று எங்கே இருக்கிறது இங்கே?
மூவாயிரம் மீட்டர் வரைதான் என்று
பொடி எழுத்தில் போட்டிருக்கிறான்.
செய்தவன் கடலோரத்துக்காரன்.

உயரத்தை நான் அளக்கப் படிக்கிறேன்.
கருவியைக் கிடைமட்டமாக்கி, குமிழியை நடுவில் நிறுத்தி,
ஒரு மூவண்ணக் கோலை எட்டிப் பார்த்து
எண்ணாக எழுதிவைக்கிறேன்.
ஒரு பெட்டிக்குள்
அந்த எண் மூச்சுத் திணறும் என்று
யாரும் பாடம் எடுக்கவில்லை.

கறுப்பு ஒன்றை எடுத்தேன்.
கனம். மூலை உடைந்தது. உள்ளே சுற்றுவது எதுவும் இல்லை,
இடமும் கால்வாசிதான்.
முதுகில் ஓஹாயோவில் ஏதோ பள்ளியின் சீட்டு:
சொத்து எண் நானூற்றுப் பதினேழு.
நூறு குறைக்கக் கேட்டேன்.
நாற்பது குறைத்தாள்,
உருளைக்கிழங்கு ஒன்று கொடுத்தாள்.

பணத்தை எண்ணும்போதுதான் கண்ணில் பட்டது.
அந்தப் பள்ளியின் விசைப்பலகையில்
தலையில் அலை சுமந்த எங்கள் எழுத்து இல்லை.
என் பெயர் வன்யாபாக்கோ.
அது இல்லாமல் நான் வேறு யாரோ.

எல்விரா பையைத் துழாவி
சிவப்பு நகப்பூச்சை எடுத்தாள்.
அரைப்புள்ளிக்கு மேலே
ஒரே இழுப்பில் ஒரு சின்ன அலை.
காயட்டும், தொடாதே என்றாள்.

இரண்டையுமே போட்டேன் கடைசியில்.
பொத்தானை அழுத்தினால்
எது வேண்டும் என்று கேட்டுப் பத்து வினாடி காத்திருக்கும்.
பகலில் வரைபடம், விண்டோஸ்.
இரவில் மற்றது.
பல நாள்
பத்தும் ஓடி முடியும்வரை சும்மா பார்த்துக்கொண்டிருப்பேன்,
அதுவே ஏதாவது எடுத்துக்கொள்ளட்டும் என்று.

ஒரு குறை உண்டு.
மெல்லிய காற்று சூட்டைத் தூக்கிப் போகாது;
விசிறி அலறுகிறது, விலா கொதிக்கிறது.
ஜன்னலில் பனி உறைந்த தேர்வு இரவுகளில்
ரேமி ஒரு வார்த்தை பேசாமல்
நாற்காலியை இழுத்துப் போட்டு
இரண்டு கைகளையும்
அதன் பக்கம் நீட்டுகிறான்.