இருட்டில் ஒரு ரீல்

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை
தூண்டில் கடையில் உனக்கென்ன வேலை என்று
பேருந்தில் கேட்டுவிட்டாள் பக்கத்து வீட்டுத் தேவகி.
விரதம் வாய்க்குத்தான், கைக்கு இல்லை என்றேன்.
சேட்ஸ்வர்த் தாண்டும்வரை அவள் பேசவில்லை.

பையில் ஐந்நூறு ராண்ட்.
அதில் ஐம்பது வீட்டு மின்சார டோக்கனுக்கு.

டர்பனில் அந்தக் கடைக்காரப் பையன் மாண்ட்லா
மூன்றை எடுத்து மேசைமேல் வைத்தான்.
பொன்னிறத்தில் ஒன்று, நானூற்று எண்பது,
பத்து பேரிங் என்று பெட்டியில் கொட்டை எழுத்து.
எழுதுகிறவனுக்கு மை மட்டும்தானே செலவு.
நீலத்தில் ஒன்று, முந்நூற்றுத் தொண்ணூறு.
மூன்றாவது கறுப்பு, கனம்,
காட்சிக்கு வைத்ததில் விலாவில் ஒரு கீறல்.
நானூற்று அறுபது.

முப்பத்தோரு வருடம் சட்டைத் தொழிற்சாலையில்
ஓவர்லாக் மெஷின்களைப் பிரித்துப் பூட்டியவள் நான்.
பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே
மயிரிழை ஆட்டம் இருந்தாலும்
விரல் சொல்லிவிடும்.

பெரிய மீனா ஆன்ட்டி?

இனாண்டா அணைக் கெளுத்தி, தம்பி.
நீங்கள் பார்பல் என்கிறீர்களே, அது.
அவசரமே படாது.
கோழி ஈரலை மீசையால் தடவித் தடவி,
கடன் கேட்க வந்த கொழுந்தன் மாதிரி
ஊர்க்கதையெல்லாம் பேசி,
கிளம்புகிற நேரத்தில் ஒரே இழுப்பு.

போன பிப்ரவரியில் அந்த இழுப்புக்கு
என் பழைய ரீல் உள்ளுக்குள் எதையோ மென்றது.
பிளாஸ்டிக் கியர்.
கைப்பிடி தனியாகச் சுற்றியது,
நூல் தனியாகப் போனது,
மீன் தனியாக.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போய்விட்டது.
கல்லாப்பெட்டி ஒரு முறை விக்கி அடங்கியது.
திங்கட்கிழமை வாருங்கள் என்றான்.
இருக்கட்டும், நான் பார்க்கவா வந்தேன்?

இருட்டில் பொன்னிறத்துக்கு நிறமே இல்லை.
சுற்றினேன்.
சோற்றில் கல் கடிபட்டது போல் ஒரு நறநற.
நீலம் சத்தமில்லாமல் சுற்றியது,
ஆனால் கைப்பிடி
விழப்போகிற பால்பல்லாய் ஆடிற்று.
கறுப்பை எடுத்தேன்.

நூல் முனையை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு
இப்போது நான்தான் மீன் என்றான் மாண்ட்லா.
கூடாரங்கள், ரப்பர் பூட்ஸ், மடக்கு நாற்காலிகள்
எல்லாவற்றையும் தாண்டிப் போனான்.
எங்கே போகிறான் என்பதை
நூல்தான் எனக்குச் சொன்னது.
நின்றான்.
பிறகு சொல்லாமல் கொள்ளாமல் ஓடினான்.

டிராக் திக்கவில்லை.
முதலில் பிடித்துவைத்துப் பிறகு வெடுக்கென்று விடவில்லை.
க்ர்ர்ர்ர் என்று ஒரே சீராய்
கேட்டதைக் கொடுத்தது,
கேட்காததைக் கொடுக்கவில்லை.
அங்கே ஏதோ அலமாரி சரிந்து
மிதவைகள் தரையெங்கும் உருண்டன.
நான் விடவில்லை. மெல்லச் சுற்றினேன்.
எண்பது கிலோ மீன்
சிரித்துக்கொண்டே மேசைக்கு வந்து சேர்ந்தது.

கீறலுக்கு நாற்பது குறைத்தான்.
நானூற்று இருபது.
வாசல்வரை வந்த பிறகுதான் நினைவு வந்தது,
நூல் வாங்கவில்லை.
முப்பது பவுண்ட் நைலான், எழுபத்தைந்து.
கூட்டிப் பார்த்தேன்.
டோக்கன் காசு போயிற்று.

வீட்டிலும் இருட்டு.
ஊருக்கே இல்லாதபோது
எனக்கு இல்லாதது யாருக்குத் தெரியும்?
மறுநாள்தான் தெரிந்தது,
தெருவெல்லாம் பல்பு எரிய
என் வீட்டில் மட்டும் புரட்டாசி விளக்கு.

மாதம் முடிய இன்னும் பதினான்கு நாள்.
ரீல் தையல் மெஷின் மேல் இருக்கிறது.
தொடக்கூடாது என்றுதான் படுக்கிறேன்.
பத்து மணிக்கு எழுந்து
நூலை ஒரு முழம் இழுத்துப் பார்க்கிறேன்.

எங்களுக்கும் தேவகிக்கும் நடுவே ஒரே சுவர்.
தட்டுகிறாள்.
கோகி, என்னடி அது, பூச்சியா?

மழைப்பூச்சி, தூங்கு.