பதினேழாம் மீட்டர்

பிப்ரவரி இரண்டாம் வெள்ளியன்று
எனக்கு வேலை போய்விடும்.
ஞாயிறு இருட்டியதும் திரும்ப வரும்.
அதுவரை எங்கள் ஊரின்
நாற்பத்துமூன்று பார்க்கிங் மீட்டர்களும்
கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு
காசு வேண்டாமென்று நிற்கும்.

சுப்பீரியர் ஏரிக்கும் பெரிய தெருவுக்கும்
வரப்பை அழித்துவிட்டது பனி.
தபால் பெட்டிக்குக் காது மூடிய குல்லாய்.
நீதிமன்றத்துப் பீரங்கியின் வாயில்
சிவப்புக் குஞ்சம்.
தீயணைப்புக் குழாய்க்கு மஞ்சள் ஸ்வெட்டர்,
இரண்டு கை வைத்து.
நேற்று வெளியூர்க்காரி ஒருத்தி
குனிந்து அதனிடம் பேர் கேட்டாள்.

மைனஸ் இருபத்திரண்டு.
நீட்டிய இடத்திலேயே டிராம்போன் உறைந்துவிட
ஓலவி ஒரே சுரத்தை
மூன்று பாட்டுக்கும் வாசித்தான்.
அக்கார்டியனுக்கு நல்ல நுரையீரல், சமாளித்தது.
கையுறையோடு தட்டினோம்.
கூரையிலிருந்து பனி சரிவதுபோல
பொத் பொத்தென்று ஒரு பாராட்டு.

என் கதைக்கு வருகிறேன்.
நவம்பரில் ஹில்க்கா ரூவோனாவின் பிக்கப்புக்கு
அபராதம் எழுதினேன்.
நாலே நிமிஷம் தாண்டியிருந்தது.
"நூல் எண்ணிக்கொண்டிருந்தேன்" என்றாள்.
கடிகாரத்தைக் காட்டினேன்.
சீட்டை நான்காக மடித்து
ஊசிப் பைக்குள் வைத்தாள்.
அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

இன்று பதினேழாம் மீட்டர் உடுத்தியிருப்பது
அந்தச் சீட்டைத்தான்.
வெள்ளைக் கம்பளியில் கறுப்பு எழுத்து:
தேதி, மணி, இருபது டாலர்,
கீழே என் கையெழுத்து.
கடைசி எழுத்தின் அவசர வாலைக்கூட
ஒரு கண்ணி விடாமல் பின்னியிருக்கிறாள்.
வங்கிக்காரன்கூட என் கையெழுத்தை
இத்தனை உற்றுப் பார்த்ததில்லை.

ஊரே பக்கத்தில் நின்று படம் எடுத்தது.
நானும் எடுத்துக்கொண்டேன்.

சனி ராத்திரி, கச்சேரி முடிந்து,
பழக்கதோஷத்தில் ஒரு சுற்று நடந்தேன்.
தீயணைப்புக் குழாயை மறித்து ஒரு பிக்கப்.
அவளுடையதேதான்.
புத்தகத்தை எடுத்தேன். பேனா உறைந்திருந்தது.
அக்குளில் வைத்துச் சூடேற்றினேன்.
'எதை மறித்து' என்ற கட்டம் வந்ததும்
மஞ்சள் ஸ்வெட்டர் என்னையே பார்த்தது.
குழாய் என்று சொல்ல
அங்கே ஒன்றும் தெரியவில்லை.

'குழந்தை' என்று எழுதினேன்.
கிழித்தேன்.

கோட்டுப் பையில் ஒரு நாணயம் கிடந்தது.
பதினேழுக்குத் திரும்பிப் போய்
கம்பளிமேல் தடவித் தடவித்
துவாரத்தைத் தேடினேன்.
அகப்படவில்லை.
என் கையெழுத்தின் சுழிக்குள்ளேயே
காசைச் செருகிவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

நாலு நிமிஷத்துக்கு
அது போதும்.