இருட்டுக்கு நூற்று முப்பது குரோனர்

மே நடுவில் இருந்து
எங்கள் ஊரில் பொழுது சாய்வதில்லை.
சூரியன் கடலின் விளிம்பு வரை இறங்கி வரும்,
குளிர்ந்த நீரில் கால் நனைக்கப் பயந்த பையனைப்போல்
அப்படியே திரும்பி ஏறிவிடும்.
ஜன்னல்களில் அலுமினியத் தாள் ஒட்டிக்கொண்டு
தூங்கப் பார்க்கிறோம்
ஆயிரத்து எண்ணூறு பேர்.

புதுப் படங்கள் வருவதும் அப்போதுதான்.
மீன்வலைச் சுருள், டிராக்டர் டயர்,
யாருக்கோ வந்த திருமண உடுப்பு,
இவற்றோடு பேருந்தின் வயிற்றில் கிடந்து வருகிறது
செங்கல் அளவு வன்தட்டு.
ஓட்டுநர் ஸ்டைனார் அதை நீட்டும்போதெல்லாம் கேட்பான்:
"இதில் எத்தனை பேர் சாகிறார்கள், தோர்ஹில்?"

இந்த மாதம் நான்கு.
ஒன்றில் ஒரு நகரமே சாகிறது.
ஒன்றில் நீர்நாய் பேசுகிறது, யாரும் சாவதில்லை.
ஒன்றில் காதலி மட்டும்.
கடைசியாக வருவது பேய்ப்படம்,
அதில் எல்லோரும் ஏற்கெனவே செத்தவர்கள்.

நூலகத்தின் பின்பக்கம் தொண்ணூறு இருக்கை.
டிக்கெட் கிழிப்பதும் நான்,
சோளப்பொரி அள்ளுவதும் நான்,
மேலே ஏறிப் பொத்தானை அழுத்துவதும் நான்.
நகரம் சாகும் படத்துக்கு முதல் நாள்,
இரவுக் காட்சி, பத்து மணி.
பத்து என்று கடிகாரம்தான் சொன்னது.
வெளியே கடற்காகங்களுக்கு இன்னும் மத்தியானம்.
நாற்பத்தொரு பேர் வந்தார்கள்,
கண்ணுக்குக் கீழே பை தொங்க.

கதவை மூடினேன்.
விளக்கை அணைத்தேன்.
பொத்தானை அழுத்தினேன்.

படத்துக்குப் பூட்டு உண்டு.
சாவி மின்னஞ்சலில் வரும், தேதியும் நேரமும் போட்டு.
தெற்கே அலுவலகத்தில் யாரோ
நாளையின் தேதியைத் தட்டியிருக்கிறார்கள்.
நள்ளிரவு தாண்டி ஒரு நிமிடம் ஆனால்தான் திறக்கும்.
தொலைபேசியில் அழைத்தேன். மணி அடித்தது, அடித்தது,
அவர்கள் ஊரில் இருட்டியிருக்கும், தூங்கியிருப்பார்கள்.

இறங்கி வந்து
வெறும் திரைக்கு முன்னால் நின்று சொன்னேன்:
"மன்னிக்கணும். பணத்தைத் திருப்பித் தருகிறேன்."

யாரும் எழவில்லை.
மூன்றாவது வரிசையிலிருந்து எய்லிஃபின் குரல்,
நண்டுப் படகில் இரண்டு நாள் விழித்திருந்த குரல்:
"விளக்கை மட்டும் போடாதே."

சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது.
பொரி கொறிக்கும் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது.
யாரோ பூட்ஸ் கழற்றினார்கள்.
மாரெத்தின் கைக்குழந்தை,
மூன்று இரவாக அந்தத் தெருவையே எழுப்பி வைத்தது,
ஒரு முறை சிணுங்கி
எதையோ ஒப்புக்கொண்டதுபோல் மூச்சுவிட்டது.
பின்வரிசையில் முத்தமிட வந்த இரண்டு பேர்
தோளில் தோள் சாய்ந்து
முத்தத்தை மறந்து போனார்கள்.
எய்லிஃபின் குறட்டையில்
ஒரு பழைய டீசல் எஞ்சின் இருந்தது.

நான் படியில் உட்கார்ந்திருந்தேன்.
பதினோரு வருடமாக இவர்களுக்குப்
படம் விற்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

பன்னிரண்டு ஒன்றுக்குத்
திரையோரத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது.
சாவி திறந்துவிட்டது.
மேலே போனேன்.
விரலைப் பொத்தானில் வைத்தேன்.
ஐந்து நிமிடம் வைத்திருந்தேன்.
பத்து.
காசு வாங்கியாகிவிட்டது,
கணக்கில் காட்சி நடந்ததாக எழுதணும்.
ஒலியை முழுதாகக் குறைத்துவிட்டு அழுத்தினேன்.

சத்தமே இல்லாமல்
ஒரு நகரம் இடிந்தது.
கோபுரங்கள் பஞ்சுபோல் சரிந்தன.
கதாநாயகன் வாயைத் திறந்து எதையோ கத்தினான்.
ஆரஞ்சு வெளிச்சம் நாற்பத்தொரு முகங்களில் ஏறி இறங்கியது.
ஒருவர் மட்டும் கண் திறந்து
கொஞ்சம் பார்த்து
தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டார்.

இரண்டரைக்குக் கதவைத் திறந்தபோது
வெயில் அறைந்தது.
கையால் கண்ணை மறைத்தபடி
ஒருவர் பின் ஒருவராக வெளியேறினார்கள்.
"எப்படி இருந்தது?" என்று கேட்டான்
அந்த நேரத்தில் நாயோடு நடந்த ஸ்டைனார்.
"நன்றாக இருந்தது" என்றார் எய்லிஃப்.
"இரண்டாம் பாகம் வருமா?"

அடுத்த வெள்ளிக்குப் பேய்ப்படம்.
சுவரொட்டி ஒட்டிவிட்டேன்,
கறுப்பில் சிவப்பு எழுத்து:
இருட்டென்றால் பயமா?
காலையில் பார்த்தால்
கீழே யாரோ பேனாவால் எழுதியிருக்கிறார்கள்:
கிடைத்தால் போதும்.