முப்பத்து நாலாவது நாள்

சூளூர்பேட்டை லாட்ஜில்
ஈரம் காயாத ஜெர்சியை மாட்டிக்கொண்டு
நாலரைக்குக் கிளம்பினேன்.
கணக்குப்படி இன்னும் எண்பத்து நாலு கிலோமீட்டர்.
ஸ்ரீகாகுளம் தாண்டி ஒரே நாளில்
நூற்றிருபது மிதித்தவளுக்கு
அது சாப்பிட்டுவிட்டுக் கை கழுவுகிற தூரம்.

அப்படித்தான் நினைத்தேன்.

பூரி வரை போய்த் திரும்பிய சக்கரம்
மீஞ்சூர் ரயில்வே கேட்டருகே
முதல்முறையாகப் புஸ்ஸென்று உட்கார்ந்தது.
விரல் நீளத்துக்கு ஒரு இரும்புச் சுருள்,
எந்த லேத்துப் பட்டறை உதறியதோ.
ஆந்திரத்துக் கருவேல முள்ளெல்லாம்
போனால் போகட்டும் என்று விட்ட டயரை
சொந்த ஊர்க் குப்பை
வாசலிலேயே நின்று பிடித்துவிட்டது.

"சைக்கிள்ளயா? ஒரிசாவா?
தோ பார்றா, டபாய்க்காத" என்றான்
காற்றடிக்கும் பையன்.
ரசீதா வைத்திருக்கிறேன் காட்ட?
தோள்பட்டையின் நிற வித்தியாசத்தைக் காட்டினேன்.
பத்து ரூபாய் குறைத்துக்கொண்டான்.

வல்லூர் தாண்டியதும் காற்றில் சாம்பல்.
பல்லிடுக்கில் நறநறவென்றது.
அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள்
ஒரு மணி நேரம் மிதித்தும்
அங்கேயே நின்றன.
எதிர்க்காற்று வேறு.
கடலிலிருந்து வருகிற காற்றுதான்,
ஆனால் வழியில் எதையெதையோ தொட்டுவிட்டு வருகிறது.

மணலி புதுநகரில் தொடங்கியது
கன்டெய்னர் வரிசை.

இந்த வரிசையின் மறுமுனையில்தான்
எனக்கு வேலை.
வண்டி எண், சீல் எண், உள்ளே வந்த நேரம்.
பதினோரு வருடமாக எழுதுகிறேன்.
இந்த முனையை
இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

இரண்டு லாரிகளுக்கு நடுவே
கிடைத்த நிழலில் ஸ்டவ் வைத்து
உருளைக்கிழங்கு வதக்கிக்கொண்டிருந்தவர்
கரண்டியை நிறுத்தினார்.
என்னைப் பார்க்கவில்லை.
ஹேண்டிலில் தொங்கிய தண்ணீர் பாட்டிலில்
பாதி கிழிந்த ஒடியா லேபிளைப் பார்த்தார்.
எழுத்துக் கூட்டி வாசித்தார்.
"சத்ரபூர்?"

அவர் ஊராம்.
சுதாம் ஸ்வாயின்.
என் பெயர் தேவகிருபை என்றதும்
"தேபகிருபா" என்று திருப்பிக் கொடுத்தார்.
முப்பத்து நாலு நாளில்
எனக்குக் கிடைத்த ஒரே புதுப்பொருள்.

அவருடைய இந்தியும் என்னுடைய இந்தியும்
ஆளுக்கொரு கால் நொண்டின.
மழை பெய்ததா?
பெய்தது.
பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
பெரிய புங்க மரம்,
அது இருக்கிறதா?

அந்த பஸ் ஸ்டாண்டில்
வடை தின்றேன், செயினுக்கு எண்ணெய் விட்டேன்,
டீயில் சர்க்கரை அதிகம் என்று
நோட்டில் எழுதினேன்.
மரம்?
"இருக்கு" என்றேன்.
எவ்வளவு உயரம் என்று
நல்லவேளை அவர் கேட்கவில்லை.

இரண்டு சப்பாத்தியில்
கிழங்கைச் சுருட்டித் தந்தார்.
அங்கிருந்து எத்தனை நாள் என்றார்.
பதினாலு.
நான் அங்கிருந்து இரண்டே நாளில் வந்தேன்,
இங்கே மூன்றாவது நாளாக நிற்கிறேன்
என்று சொல்லிச் சிரித்தார்.
முன்னால் வண்டி நகர்ந்தது.
ஸ்டவ்வை அணைத்துவிட்டு ஓடினார்.
இருபதடி போய் மறுபடி நின்றது.

திருவொற்றியூர் தேரடியில் டீ.
தெரிந்த கடைக்காரர்.
"இன்னாமா, ரொம்ப நாளா ஆளையே காணோம்,
உடம்பு சரியில்லையா?"
ஆமாம் என்றேன்.
காலுக்கு அப்போதுதான் வலிக்கத் தோன்றியது.

காசிமேட்டில் எங்கள் தெருமுனை.
மீட்டர் எண்பத்திரண்டரை காட்டியது.
ஒன்றரை குறைகிறது.
பால்கனியில் என் துணிக்கொடி தெரிந்தது,
இறங்கவில்லை.

மீன் லாரிகளுக்கு ஒதுங்கி
துறைமுகக் கேட் வரை மிதித்தேன்.
சரியாக எண்பத்து நாலு.
ஒரு காலை ஊன்றி நின்று
உள்ளே போகும் வண்டிகளை வேடிக்கை பார்த்தேன்.
ஆறு போயின, ஏழு போயின.
அவருடைய வண்டி வந்தால் தெரியுமா?

பதினோரு வருடம் எழுதிய கை.
அந்த ஒரு எண்ணை
குறித்துக்கொள்ளத் தோன்றவில்லை.

எட்டாவது வண்டியின் டிரைவர்
வழி விடச் சொல்லி ஹாரன் அடித்தார்.