ஏழாம் மிதவை

எத்தனை வேண்டும் என்று எழுது, போதும்.
எப்படி என்பது அதன் பாடு.

ஒன்பது மிதவை,
மிதவைக்கு மூன்று கன்டெய்னர்:
தீவனம் அளக்க ஒன்று,
ஆக்சிஜன் பார்க்க ஒன்று,
சால்மன் மேல் ஒட்டும் கடற்பேனைக்
கேமரா வழியே எண்ண ஒன்று.
மூன்று குளிர்காலமாக நானும் ரன்வாவும்
இந்த ஒரு கோப்பைத்தான் எழுதி எழுதித் திருத்துகிறோம்.

கிளாக்ஸ்விக்கில் ஐஸ் கிடங்குக்குக் கீழே
சொந்த சர்வர்கள் நான்கு.
மீதி பிராங்க்ஃபர்ட்டில், வாடகைக்கு.
மிதவைகளில் ரொட்டிப் பெட்டி அளவில்
உப்புப் பூத்த சின்ன இயந்திரங்கள்.
கடல் எது கட்டடம் எது என்று
கோப்புக்குத் தெரியாது.
தெரியாததால்தான் வேலை நடக்கிறது.

முன்பு ஒன்று விழுந்தால்
லேப்டாப்பைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு
படகில் போய் ஏணி ஏறுவோம்.
துரோந்துர் இரண்டு பல்லை அங்கேதான் விட்டான்.
இப்போது ஒரு கன்டெய்னர் செத்தால்
ஆறு விநாடியில் இன்னொன்று.
பெயரின் வாலில் ஐந்தெழுத்து மாறியிருக்கும்.
பழையதுக்குக் காரியம் கிடையாது,
புதியதுக்குத் தொட்டில் கிடையாது.

இருப்பதைப் பார்.
இருக்க வேண்டியதைப் பார்.
வித்தியாசத்தைச் சரிசெய்.
மறுபடி பார்.
இவ்வளவுதான் அதன் புத்தி.
குடும்பஸ்தர் எவருக்கும்
இந்தத் தெளிவு வாய்த்ததில்லை.

பிப்ரவரி பதினொன்று, தென்மேற்குக் காற்று.
என் வீட்டுக் குப்பைத்தொட்டி
பக்கத்துத் தீவுக்கே போயிருக்கும்.
ஏழாம் மிதவையிலிருந்த மூவரையும்
மாலையே இறக்கிவிட்டார்கள், நல்லவேளை.
இரவு ஒன்று நாற்பதுக்கு
ஏழாம் கணு பதில் சொல்லவில்லை.

ஐந்து நிமிடம் பொறுத்தது கிளஸ்டர்,
நாங்கள் கொடுத்த கெடு அது.
பிறகு பேன் எண்ணும் கன்டெய்னரைத் தூக்கிப்
பிராங்க்ஃபர்ட்டில் வைத்தது.
மற்ற இரண்டையும் மிதவையோடு கட்டியிருந்தோம்.
இதைக் கட்ட மறந்தது நான்.

கேமரா இல்லாத, மீன் இல்லாத,
ஒரு கல் உப்பில்லாத அறையில்
அது கண் விழித்துப் பார்த்துப்
பூஜ்யம் என்றது.
பூஜ்யம். பூஜ்யம்.
திரையில் பச்சை விளக்கு.
இவ்வளவு சுத்தமான மீன்
எங்கள் கம்பெனி கண்டதேயில்லை.

விடிந்ததும் துரோந்துர் போன் செய்தான்.
ஏழு இல்லை.
இல்லை என்றால்?
இல்லை என்றால் இல்லை.
நாற்பத்தெட்டு மீட்டர் கீழே.

ஆனால் கோப்பில் ஒன்பது.
ஆகவே ஒவ்வொரு சுற்றிலும்
தண்ணீருக்கடியில் கிடந்த ரொட்டிப் பெட்டியை
அது கூப்பிட்டது.
கோபமில்லை, குரல் உயரவில்லை.
பட்டியலில் ஒரே சொல்:
நிலுவை, நிலுவை.
எப்போது அலுத்துப்போக வேண்டும் என்று
நாங்கள் ஒரு வரியும் எழுதியிருக்கவில்லை.

ரன்வா ஏழை நீக்கினாள்.
ஒருவர் மாற்றினால் இன்னொருவர் ஒப்ப வேண்டும், விதி.
காரணம் என்ற கட்டத்தில்
"காற்று" என்று மட்டும் இருந்தது.
இன்ஷூரன்ஸ்காரருக்குப் பதினாறு பக்கம் எழுதியவள்.

நான் உடனே அழுத்தவில்லை.
ஏன் என்று கேட்டால் தெரியாது.
காபியை முடித்தேன்,
இரண்டு ஸ்பேஸ் சரியாக விட்டிருக்கிறாளா என்று
சரியாக இருந்ததையே மறுபடி பார்த்தேன்.
பிறகு அழுத்தினேன்.

எட்டு வேண்டும். எட்டு இருக்கிறது.
கூப்பிடுவது நின்றது.
பிராங்க்ஃபர்ட்டில் இருந்ததுக்கு
முப்பது விநாடி அவகாசம்.
கடைசியாக ஒருமுறை
பூஜ்யம் என்று பதிந்துவிட்டு அடங்கியது.
அந்தக் கணக்கும் தப்பில்லைதான்:
வலை கிழிந்திருந்தது.

வெளியே, காற்று விட்டிருந்த ஃபியோர்டில்
எண்பதாயிரம் சால்மன்,
பேனோடு,
எந்தக் கோப்பிலும் இல்லாமல்.