அறுபத்தொன்று

காய்ச்சலில் போன கார்ஸ்டாங் துரையின் சாமான்களை
ஏலத்துக்குப் பட்டியல் எழுதச் சொன்னார்கள்.
கையெழுத்து நன்றாயிருக்கும் என்பதால்
பினாங்கில் பாதிக் கணக்கு என்னிடம் வரும்.
சனிக்கிழமை, கோட்டை மைதானத்து ஓட்டக் கணக்கும்.

மட்டை நான்கு. ஒன்றில் பிளவு, நூல் சுற்றியது.
ஃபிளானல் கால்சட்டை ஆறு, முழங்காலில் புல்கறை.
வெள்ளிக் கோப்பை ஒன்று
(சுரண்டிப் பார்த்தேன், உள்ளே பித்தளை).
சீமையிலிருந்து அண்ணன் போட்ட கடிதங்கள், உறை கிழிக்காமல்.
பிராந்தி முக்கால் போத்தல். அதை எழுதவில்லை.

அவர் காசுக்கு ஆடுகிறவர் அல்ல.
என்னிடமே மூன்று முறை சொல்லியிருக்கிறார்.
காசு வாங்கி ஆடுகிறவனுக்கு அங்கே
வேறு வாசல், வேறு சாப்பாட்டு மேசை;
அச்சடித்த தாளில் அவன் பெயருக்கு முன்னால்
மிஸ்டர் வராதாம்.
இவருக்கு வரும்.
அந்த மிஸ்டரைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து
அக்கரைக் கரும்புத் தோட்டத்தில்
பத்து வருடம் நட்டுப் பார்த்தார்.
முளைக்கவில்லை.

கடன்காரர்கள் வந்தார்கள்.
தையற்கார ஆ கியோங் சீட்டு நீட்டினான்.
தோணிக்கார மீரா லெப்பையிடம் சீட்டு இல்லை.
செவ்வாயும் வியாழனும் பொழுது சாயும்வரை
துரைக்குப் பந்து போட்டவன்.
மணிக்கு மூன்று காசு என்று பேச்சு;
இரண்டு வருடமாகப் பேச்சு மட்டும்.
வண்ணாந்துறை சடையனுக்குப் பதினேழு வெள்ளி நாற்பது காசு.
கால்சட்டையை விரித்து
இது சிங்கப்பூர்க்காரர்கள் வந்தபோது விழுந்த கறை,
இது மழைக்கு முந்தின வாரம், என்று
விரல் வைத்துச் சொன்னான்.

பேராக் அணியோடு ஆடிய நாள்.
துரை பதினொன்றில் இருந்தார்.
பந்து மட்டையை உரசிய சத்தம்
கூடாரத்தில் எனக்கே கேட்டது.
நடுவருக்குக் காற்று எதிர்த்திசை.
விரல் உயரவில்லை.
துரை குனிந்து காலணிக் கயிற்றைப் பார்த்தார்,
பிறகு நின்று ஆடினார். அறுபத்தொன்று.

அன்றிரவு பீரங்கிச் சத்தம் ஓய்ந்த பிறகு
சூலியா தெரு நாய்களெல்லாம் குரைக்க
என் வாசலில் வந்து நின்றார்.
"பதினொன்று என்று திருத்து."
கண் சிவந்திருந்தது, குடியால் மட்டும் இல்லை.
மையில் எழுதியது துரை, என்றேன்.
தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு
வெகுநேரம் போகாமல் நின்றார்.

அப்போது கேட்டிருக்கலாம், சடையன் பாக்கியை.
ஐம்பது ஓட்டத்துக்காகத் தூக்கம் கெட்டவரிடம்
பதினேழு வெள்ளியைப் பற்றிப் பேச
நா எழவில்லை.
அவருக்கும் அது நினைவு வரவில்லை.
பொய்யாக மறந்ததாக நான் நினைக்கவில்லை.
அந்தக் கடன் அவர் ஆட்டத்தில் சேரவில்லை,
அவ்வளவுதான்.

கோப்பையைத் தட்டான் பித்தளை விலைக்குக் கேட்டான்.
பிளந்த மட்டையை மீரா லெப்பை
கூலிக்கு ஈடாக எடுத்துப் போனான்,
தோணியில் எதற்கோ முட்டுக் கொடுக்க.
ஓட்டப் புத்தகத்தை யாரும் கேட்கவில்லை.
வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அறுபத்தொன்றின் மேல் பேனாவை வைத்தேன்,
எடுத்தேன்.
கீழே, எந்த ஆட்டக்காரர் பெயரிலும் சேராத
உதிரி ஓட்டங்களின் கட்டத்தில்
தமிழில் எழுதினேன்:
சடையன், பதினேழு நாற்பது.
மீரா லெப்பை, தொகை தெரியாது.

கூட்டிப் பார்த்தால் இப்போது கணக்கு உதைக்கிறது.
அடுத்த சனிக்கிழமை மழை.
ஆட்டம் இல்லை.